கலாபூஷணம் முகைதீன்பாவாவின் மூடிய ஜன்னல்கள்

மேடையின் நடுவில் அமர்ந்து, நான் தொடங்குமுன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மன்றத் தலைவர் தம்பி மஜீட் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, அழுது முடித்து, இப்போது பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே! பாண்டிருப்பிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பூபாலசிங்கம் அவர்களே! மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் வந்து, கதிரை போதாமல் சுவரோரம் நிற்கும் நாடகப் பிள்ளைகளே! திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மாரே, சகோதரிகளே! கதவோரத்தில் காற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என் தம்பி றாஸிக்! அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஷரிபுதீன். நாடகக்காரன். இந்தக் கரையோரத்தில் மேடையேறிய ராஜாக்களில் பாதிப் பேர் நான்தான். மீதிப் பேருக்கு வசனம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அந்த ராஜாக்களுக்கெல்லாம் வாளும் மணிமுடியும் வார்த்துக் கொடுத்த மனிதரைப் பற்றிக் கதைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டவர் தம்பி மஜீட். அவர் இந்த மன்றத்தின் தலைவர் மட்டுமல்ல, மௌத்தாகி நம்மை விட்டுப் போனவரின் மூத்த மகனும்தான். நேற்று வீட்டுக்கு வந்து, வாப்பாவைப் பற்றி உங்களுக்குத்தான் அதிகம் தெரியும் மாமா, மனதில் உள்ளதை அப்படியே சொல்லுங்கள் என்றார். பிழை விட்டுவிட்டார் தம்பி. என் மனதில் உள்ளதை அப்படியே கேட்கும் வழக்கம் இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? கலாபூஷணம், அல்ஹாஜ் முகைதீன்பாவா அவர்களுக்காக! மற்றப் பட்டங்களையும் வாசித்தால் பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். சிலதை அரசாங்கம் கொடுத்தது. சிலதைக் கூட்டாளிமார் கொடுத்தார்கள். சிலதை அவரே பேனர் அடிக்கும் கடையில் சொல்லிப் போட்டுக்கொண்டார்.

எப்படி மௌத்தானார்? விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு இதயம் என்று ஒன்று இருக்கிறதா என்று நாங்கள் சிலர் வருஷக்கணக்காக வாதாடியிருக்கிறோம். இருந்திருக்கிறது. படித்தவர்களே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இனி நாங்கள் வாயைத் திறக்க முடியாது. நுரையீரலில் ஒரு குறையும் இல்லையாம். அதையும் வைத்தியர்களே சொன்னார்கள். அந்த வயதில் அப்படியொரு சுத்தமான நெஞ்சு அபூர்வம் என்று வியந்தார்களாம்.

சிரிக்க வேண்டாம் பிள்ளைகளே. முன்வரிசையில் இருப்பவர்கள் முகம் சுளிக்கவும் வேண்டாம். மௌத்தானவர்களின் நல்லதைத்தான் கதைக்க வேண்டும் என்று மௌலவி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். சரி, நல்லதிலிருந்தே வருகிறேன். நல்லது இல்லாத மனிதரல்ல அவர்.

முகைதீன்பாவாவின் கையில் ஒரு பொருள் அகப்பட்டால் அது இரண்டாகும், இருபதாகும். அசலைப் பெட்டிக்குள் வைத்து, மேலே சிலிக்கோனை மெல்லிய நூலாக ஊற்றுவார். அவசரப்பட்டால் குமிழி வரும். அது றப்பர் போல இறுகியதும் அசலை வெளியே எடுப்பார். உள்ளே அசலின் உருவத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதுதான் அச்சு. அந்த வெற்றிடத்துக்குள் ரெசின் என்னும் பிளாஸ்டிக் திரவத்தைக் கலந்து ஊற்றினால், ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் அசலுக்கு ஒரு தம்பி பிறந்துவிடுவான். அதே சுருக்கம், அதே கீறல், அதே உடைந்த மூலை. மீனவர் நாடகமொன்றுக்கு ஒரு பாரை மீனை வார்த்துக் கொடுத்தார். நிந்தவூரில் அந்த நாடகம் முடிந்ததும் ஒரு மீன் வியாபாரி மேடைக்குப் பின்னால் வந்து, அந்தப் பாரையைக் காட்டி விலை கேட்டார். ரெசின் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. கொடுக்க மனமில்லை என்றால் நேரே சொல்லுங்கள், எதற்குப் பொய் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மீனைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கும் புல்லரித்தது. அதை நான் மறைக்க மாட்டேன். அப்படியொரு கண் இந்தக் கரையோரத்தில் இன்னொருவருக்கு இல்லை!

இனி அவருடைய சேவைகள். சேவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறார்கள்.

பாண்டிருப்பில் நிரோசன் என்றொரு இளைஞன் இதே தொழிலை யூடியூப் பார்த்துப் பழகத் தொடங்கினான். ரெசினோடு அதை இறுக வைக்கும் ஹாட்னரையும் கலக்க வேண்டும். இரண்டும் சம அளவு என்று டின்னில் எழுதியிருக்கும். ஆனாலும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை என்று நினைத்து முகைதீன்பாவாவிடம் வந்தான். கொழும்புக் காற்றுக்கு எழுதியதை இங்கே பார்க்காதே தம்பி, நம்முடைய கடற்கரைக்கு ஹாட்னர் அரைவாசி போதும் என்று சொல்லி, தோளில் தட்டி, தேநீரும் கொடுத்து அனுப்பினார் முகைதீன்பாவா. கலாபூஷணம் சொன்ன பிறகு டின்னை யார் பார்ப்பது?

அவன் வார்த்த வாள்களோடு மேடையேறிய ராஜா யார்? அடியேன்தான்! வாள்கள் காலையில் வந்தன. நிழலில் இருந்தவரை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. போர்க்களக் காட்சியில், மேடை விளக்குகளின் சூட்டில், உறையிலிருந்து வாளை உருவினேன். உறையின் உள்பக்கத் துணியும் கூடவே வந்தது. எதிரியே, என் வாளைப் பார் என்று உயர்த்தினேன். வாள் எதிரியைப் பார்க்கவில்லை. மெல்ல வளைந்து என் செருப்பைப் பார்த்தது. தூக்கி எறியவும் வழியில்லை, பிடி உள்ளங்கையில் ஒட்டிவிட்டது. தோற்றுப்போன ராஜா வாளைக் கீழே போட்டுச் சரணடைய வேண்டும் என்பது கதை. நான் வாளோடு சரணடைந்தேன். வாளோடு செத்தேன். திரை விழுந்த பிறகு வாளோடுதான் சோறு தின்ன உட்கார்ந்தேன். முன்வரிசையில் முகைதீன்பாவா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நிரோசன் மேடைக்குப் பின்னால் நின்று அழுதான். அதோடு தொழிலை விட்டுவிட்டான். இப்போது கட்டாரில் லொறி ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. பெருநாளைக்கு இன்றும் எனக்கு வாழ்த்து அனுப்புவான்.

அடுத்த சேவை, இதோ முன்னால் இருக்கும் அண்ணாவியார் பூபாலசிங்கத்துக்குச் செய்தது. பிழையிருந்தால் அவரே திருத்தட்டும். அவருடைய தகப்பன் காலத்துக் கூத்து முடி, மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தது, அதைப் பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லி முகைதீன்பாவா வாங்கி வந்தார். முடிக்கு இரண்டு பாதியாக அச்சு எடுக்க வேண்டும். முதல் பாதி இறுகியதும் அதன் முகத்தில் வஸ்லின் பூசிவிட்டுத்தான் இரண்டாம் பாதியை ஊற்ற வேண்டும். பூசாவிட்டால் சிலிக்கோனும் சிலிக்கோனும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும், பிறகு அதைப் பிரிக்க எவராலும் முடியாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதைத்தான். நமது கலாபூஷணம் அன்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, யாரோ பட்டமளிப்பு விழாக்காரரோடு கதைத்துக்கொண்டே ஊற்றினார். வஸ்லின் டப்பா மூடியபடியே இருந்தது.

முடி கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. கத்தியால் வெட்டி வெட்டி வெளியே எடுத்தார்கள். சில்லுகள் கழன்றன, மரத்தில் கத்திக் காயம். அதைத் துணியில் சுற்றி, தன்னிடம் வேலை செய்த றாஸிக்கின் கையில் கொடுத்து, போய், பிழை விட்டது நீதான் என்று சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். றாஸிக் சைக்கிளில் போய்ச் சொன்னான். அண்ணாவியார் முடியைப் பார்த்தார், றாஸிக்கைப் பார்த்தார். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு அவர் சொன்னதை றாஸிக் வந்து எனக்கு மட்டும் சொன்னான்: "தம்பி, இது நீ செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும். உண்ட முதலாளிட்டச் சொல்லு, அவர்ர தலைக்கி இந்த முடி ஏறாது எண்டு."

அந்தச் செய்தியை றாஸிக் முதலாளியிடம் சொல்லவில்லை. அவனுக்கு அப்படிச் சொல்ல வராது. ஆகையால் இன்று நான் சொல்லிவிட்டேன்.

யார் இந்த றாஸிக்? காலையிலிருந்து இத்தனை பேர் பேசினார்கள், ஒருவராவது அவன் பெயரைச் சொன்னார்களா? முகைதீன்பாவாவின் வாள்கள் என்றீர்கள், முகைதீன்பாவாவின் முடிகள் என்றீர்கள். அச்சை எடுத்தவர் அவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ரெசினை ஊற்றியது யார்? அவர்கள் வீட்டுப் பின்வளவில், கடலைப் பார்த்த அந்த அறைக்குள் காலை முதல் பின்னேரம் அஸர் வரை நின்றவன் யார்?

அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல முடியாது. கடலைப் பார்த்த அறைக்கு ஜன்னல் எதற்கு? காற்று வரத்தான். ஆனால் இந்த ரெசினுக்கும் நம் காற்றுக்கும் ஆகாது. கடல்காற்றின் ஈரம் பட்டால் அது நுரைத்துப் பொங்கும், வாள் பேக்கரிப் பாண் போல ஓட்டை ஓட்டையாக வரும். அதனால் முகைதீன்பாவா ஜன்னல்களை மூடினார். இடுக்குகளில் பழைய சாரத் துணியைக் கிழித்துச் செருகினார். மேலே டேப் ஒட்டினார். அறையின் ஈரத்தை உறிஞ்ச ஏசி போடலாமே என்று கேட்பீர்கள். ஏசி இருந்தது! முன்பக்கம், வாடிக்கையாளர் உட்காரும் அறையில் இருந்தது. யாரும் வராத நாட்களிலும் ஓடும். கதிரைகளுக்கு வேர்க்கக் கூடாதல்லவா?

முகமூடியும் இருந்தது. இரண்டு கன்னத்திலும் வடிகட்டி வைத்த நல்ல முகமூடி. ஒன்றே ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு முகைதீன்பாவா வந்து கதவைத் திறப்பார். நுரைக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று றாஸிக் சொல்வான். கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

அந்த ரெசினுக்குப் பெரிய மணம் கிடையாது. மணமில்லாதபடியால் கெடுதியும் இல்லை என்று பலர் நினைத்திருக்கலாம். முகைதீன்பாவா அப்படி நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அவர் எதற்கு முகமூடி போட்டார்?

றாஸிக் இருமத் தொடங்கிய காலத்தில் நான் நேரே போய்க் கேட்டேன். இன்னொரு முகமூடி வாங்கிக் கொடுங்கள், அல்லது அந்த ஏசியைக் கழற்றிப் பின்னால் மாட்டுங்கள் என்றேன். ஏசி அறையில் உட்கார்ந்துதான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன பதிலை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை: "அவண்ட மூக்கு பழகிட்டு மச்சான். புதிசா ஒருத்தனப் பழக்குறதுதான் கரச்சல்."

நான் கத்தினேன். உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். வெளியே போகச் சொன்னார். போனேன். பிறகு மாதக்கணக்காக நாங்கள் ஸலாம் கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இன்னொரு நாடகத்துக்கு வாள் தேவைப்பட்டபோது மன்றத்துப் பிள்ளைகளை அனுப்பித்தான் எடுத்தேன்.

றாஸிக்கின் மூக்கு பழகியிருக்கலாம். நெஞ்சு பழகவில்லை. நெஞ்சு வைத்தியர் பார்த்துவிட்டு, இந்தச் சாமானை உடம்பு எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டது, இனி அதன் காற்று லேசாகப் பட்டாலும் மூச்சுக்குழாய் சுருங்கிவிடும் என்றார். மரக்கறி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்தவன், இப்போது பள்ளிவாசல் படி ஏற முடியாமல் கீழே கதிரையில் இருந்து தொழுகிறான். அவனை முகைதீன்பாவா வேலையிலிருந்து நிறுத்தினார். நோய் என்பதற்காக அல்ல. இருமும்போது கை ஆடி, ஊற்றுகிற ரெசினில் குமிழி விழுகிறதாம். பிரதி கெடுகிறதாம்.

இவ்வளவையும் சொல்கிறேனே, அவரை நான் வெறுத்தேனா? அவர் மௌத்தான செய்தி கேட்டு அந்த வீட்டுக்கு ஓடினேன். அவர் முகத்தைப் பார்த்து அழுதேன். திட்டுவதற்கு இனி யார் இருக்கிறார்கள் என்று அழுதேன். வேலையில் ஒரு மயிரிழைப் பிழையையும் பொறுக்காத மனிதர், பக்கத்தில் ஒரு மனிதன் மூச்சுக்குத் திணறுவதை எப்படிப் பொறுத்தார் என்று அந்த முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். பாண்டிருப்பிலிருந்து வந்தவர்களுக்காக விளக்கமாகச் சொல்கிறேன். தொழுகைக்கு முன், மௌத்தானவரின் மகன் சனங்களைப் பார்த்து நிற்பார். வாப்பா யாருக்காவது அநியாயம் செய்திருந்தால், மனம் நோகக் கதைத்திருந்தால், அல்லாஹ்வுக்காக மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பார். பொருந்தினோம் என்று சனங்கள் சொல்வார்கள். இது சும்மா சடங்கல்ல. மனிதனுக்கு மனிதன் செய்த அநியாயத்தை, அதைப் பட்டவன்தான் பொருந்த வேண்டும். அவனுக்காக வேறொருவர் பொருந்த முடியாது. தொழுகையாலும் முடியாது, ஹஜ்ஜாலும் முடியாது, கலாபூஷணத்தாலும் முடியாது.

தம்பி மஜீட் கேட்டார். குரல் உடைந்துதான் கேட்டார். அதில் நடிப்பில்லை, நடிப்பு எது என்று எனக்குத் தெரியும். பள்ளிவாசல் நிறைந்த சனம் ஒரே குரலில் பொருந்தினோம் என்றது. நானும் சொன்னேன். வாளுக்கும், வெளியே போ என்றதற்கும் பொருந்தினேன், என்னுடைய பங்கு அவ்வளவுதான். பிறகு தம்பி மஜீட் சனத்துக்குள் நடந்து படியிறங்கி வந்து, கீழே கதிரையில் இருந்த றாஸிக்கின் கையை மூத்த சகோதரனின் கையைப் போலப் பிடித்து, "றாஸிக் காக்கா, நீங்களும் ஒரு சொல்லுச் சொல்லிருங்க" என்றார். றாஸிக் வாயைத் திறந்தான். பக்கத்தில் சாம்பிராணிப் புகை. இருமல் பிடித்துக்கொண்டது. இருமினான், குனிந்து இருமினான், கண்ணில் தண்ணீர் வந்தது. தம்பி மஜீட் அவன் முதுகைத் தடவி, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும் என்று சொல்லிவிட்டு முன் வரிசைக்குப் போய்த் தொழுகைக்குத் தக்பீர் கட்டினார். இருமலைப் பொருந்தினேன் என்ற சொல்லாக எடுத்துக்கொண்டு ஒரு மையத்தை மண்ணில் அடக்கிய ஊர் இது!

இப்போது உங்கள் மடியைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரு பெட்டி கிடைத்ததா? திறந்தீர்களா? முகைதீன்பாவாவின் மூக்குக்கண்ணாடி. அவர் போட்டிருந்த அதே கண்ணாடியின் ரெசின் பிரதி, நினைவுப் பரிசு. காதில் மாட்டும் கம்பியில் அவர் பல்லால் கடித்த அடையாளம் கூட அப்படியே விழுந்திருக்கிறது. நானும் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை, ஒரு நுரை இல்லை. வாழ்க!

இவ்வளவு சுத்தமாக ரெசின் எங்கே இறுகும்? சொல்லுங்கள் பிள்ளைகளே, நீங்கள் தொழில் தெரிந்தவர்கள்தானே? மூடிய அறையில். பெரியவர் மௌத்தான பிறகு அந்த அறைக்குள் போய் இவ்வளவையும் ஊற்றியது யார்?

நுஸ்ஹா. றாஸிக்கின் மகள்.

றாஸிக் கிளினிக்குக்குப் போயிருந்த காலைப்பொழுதில் தம்பி மஜீட் அவர்களுடைய வீட்டுக்குப் போனார். பிள்ளைக்கு வாப்பாவின் கை அப்படியே இருக்கிறது, கொஞ்ச நாள் வந்து உதவட்டும் என்று தாயிடம் கேட்டார். படித்து முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளை, வேலை என்றதும் சந்தோஷமாகப் போனாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஜன்னல் திறந்ததா? டேப் புதிதாக ஒட்டியிருக்கிறது. ஏசி? முன்னால்தான் ஓடுகிறது, அழைப்பிதழ் வாங்க வந்தவர்களுக்கு வேர்த்துவிடுமே. முகமூடி? அதோ, மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கலாபூஷணம் பாவித்த பொருட்கள் என்று அட்டை எழுதி, பேனாவுக்கும் தொப்பிக்கும் நடுவில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளை உள்ளே மூச்சிழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே யாரோ அந்த முகமூடியைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள்.

நேற்று அஸருக்குப் பிறகு நுஸ்ஹா வேலை முடிந்து, அன்று மட்டும் உடுப்பு மாற்றாமல், வீட்டுப் படியேறினாள். அவள் அபாயாவிலிருந்த தூசு வாப்பாவுக்கு முன்னால் வந்தது. றாஸிக்குக்கு மூச்சடைத்தது. யாரும் சொல்லாமலே, மகள் எங்கே போய் வருகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது அப்படித்தான். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு மருந்துப் பம்பைத் தேடுகிறான். பிள்ளை ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறாள். கொடுக்கும்போது அவளும் இருமுகிறாள். தாய் ஹாஜறா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

மணி அடிக்கிறது. அடியுங்கள் தம்பி மஜீட். மனதில் உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள், நான் இன்னும் அடிமனதுக்கு வரவில்லை. மைக்கை நிறுத்தினாலும் என் குரல் வெளி வீதிவரை கேட்கும், அது என் தொழில்.

சற்றுமுன் தலைவர் எழுந்து ஓர் அறிவித்தல் செய்தார். அந்த அறை வரும் வெள்ளிக்கிழமை முகைதீன்பாவா நினைவுப் பணிமனையாகத் திறக்கப்படும், வாப்பா செய்த மாதிரியே எல்லாம் நடக்கும், பொறுப்பு நுஸ்ஹாவிடம் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று, அவருடைய பணியை அவர் வழியிலேயே தொடர்வோம் என்று உறுதி எடுக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லப்பட்டிருக்கிறது. எடுப்போம். அதற்கு முதல் ஒன்று கேட்கிறேன். அவர் வழி என்றால் எது? அந்த வழியில் முதலில் நடக்கப்போவது யார்? மேடையில் இருப்பவர்களில் யாருடைய மகள்? யாருடைய மருமகள்? பின்வளவு இங்கிருந்து தூரமில்லை. டின் திறந்தபடி இருக்கிறது. பெயரைச் சொல்லுங்கள், நானே கூட்டிப்போய் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறேன்.

யாருமில்லையா? கைதட்டிய கைகள் எங்கே?

அப்படியானால் என் உறுதிமொழியை நான் தனியாகவே எடுக்கிறேன். அந்த ஏசி பின்னறைக்குப் போகும்வரை, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும் விசிறி சுவரில் ஏறும்வரை, ஊற்றுகிற ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு முகமூடி வரும்வரை, அந்த இடத்திலிருந்து ஒரு கத்திப்பிடி கூட என் மேடைக்கு வராது. என் ராஜா தென்னமட்டையைச் சீவி எடுத்துக்கொண்டு வருவான். சனம் சிரிக்கட்டும். மாகாணப் போட்டியில் தோற்கட்டும். இவ்வளவையும் செய்துவிட்டால், அங்கே பிறக்கும் முதல் வாளை நானே வந்து இரண்டு கையாலும் வாங்குவேன். முகைதீன்பாவாவின் பெயரை மேடையில் உரக்கச் சொல்வேன்.

என் பேச்சு இதோடு முடிந்தது. இனி நான் சொல்லப்போவது என்னுடையதல்ல. இன்று சுபஹுத் தொழுகை முடிந்ததும் றாஸிக் என்னை வரச் சொன்னான். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று கதைக்கத் தனக்கு மூச்சுக் காணாது, எனக்காக நீங்கள் சொல்லுங்கள் என்றான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவன் பம்பை வாயில் வைத்து எடுத்தான். அதை நான் நடித்துக் காட்டமாட்டேன், சொல்லை மட்டும் சொல்கிறேன்.

"காக்கா, அண்டைக்கி நான் பொருந்தினன் எண்டு சொல்லல்ல. இருமினன். எனக்குச் செஞ்சத நான் பொருந்திருவன். எண்ட புள்ள இனி அந்த அறைக்குள்ள போனா, பொருந்தமாட்டன். மறுமையிலயும் பாவாவ உடமாட்டன்."

தம்பி மஜீட், மணியை வைத்துவிட்டு என்னைப் பாருங்கள். உங்கள் வாப்பா கபுறுக் குழியில் இருக்கிறார். அவரால் இனி யாரிடமும் எதையும் கேட்க முடியாது. நீங்கள் இன்னொரு தடவை கேட்கலாம், இந்தச் சனத்துக்கு முன்னால் கேட்கலாம். ஆனால் முதலில் நுஸ்ஹாவை இனி அந்த அறைக்குள் அனுப்புவீர்களா என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். இந்தாருங்கள், ஒலிவாங்கியைப் பிடியுங்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள். றாஸிக் எழுந்து நிற்கிறான், அவனால் அதிக நேரம் நிற்க முடியாது.